முள்ளைப் படிக்கிறவள்

ஜனவரி 12

அன்புள்ள அக்காவுக்கு,

வாலு எழுதுகிறேன். இங்கே அப்பா, அம்மா, நான், அம்மாவின் முழங்கால் வலி எல்லாரும் சௌக்கியம். உனக்குச் சளி விட்டதா? அத்தையிடம் கேட்டால், 'அவ என் பொண்ணுதான், என்கிட்ட எங்க சொல்றா' என்று பெருமூச்சு விடுகிறாள். அதனால் உன்னிடமே கேட்கிறேன். போனில் கேட்கலாம்தான். உன் ஹாஸ்டல் போனில் பேசினால் உனக்குப் பின்னால் ஒரு கூட்டமே நின்று 'சீக்கிரம், சீக்கிரம்' என்கிறது. எங்கள் வீட்டுப் போனோ நாள் முழுக்க அப்பாவின் சட்டைப் பையில், சிமென்ட் தூசியில். ஆகவே கடிதம்.

விஷயத்துக்கு வருகிறேன். மார்ச்சில் எனக்குப் பரீட்சை. முடிந்ததும் இன்ஜினியரிங்தான், அதில் வீட்டில் சண்டை இல்லை. எந்தக் கல்லூரி என்பதில்தான் சண்டை. நான் உன்னுடைய அரசுக் கல்லூரி என்கிறேன். அப்பா, ஊருக்கு வெளியே முழுக்கக் கண்ணாடி பதித்துப் புதிதாகக் கட்டியிருக்கிறார்களே, அந்தத் தனியார் கல்லூரி என்கிறார். பஸ் வாசலுக்கே வருமாம். 'உன் அக்கா காலேஜ்ல செவுத்துல செடி மொளைச்சிருக்கு. இருக்கிற கட்டடத்தையே பாத்துக்கத் தெரியாதவன் கட்டடம் கட்டச் சொல்லித் தருவானா' என்று கேட்கிறார். உன்னை முதல் வருஷம் கொண்டுபோய் விட்டபோது பார்த்த செடியாம். மேஸ்திரி கண்ணுக்குச் சுவர்தானே முதலில் தெரியும்.

ஆகவே நீ எழுது. அங்கே சேருகிறவள் என்னவெல்லாம் தெரிந்து வைத்திருக்க வேண்டும்? விளம்பரம் மாதிரி எழுதாதே. நல்லதைக் குறைத்துக் கெட்டதைக் கூட்டி எழுது. அப்படியும் பிடித்திருந்தால் வருகிறேன். ஒன்று ஞாபகம் இருக்கட்டும். உன் கையெழுத்து அப்பாவுக்கு எறும்பு ஊர்வது மாதிரி தெரிகிறதாம், மூக்குக் கண்ணாடி வாங்கவும் மாட்டேன் என்கிறார். அதனால் உன் கடிதங்களை நான்தான் சத்தமாகப் படித்துக் காட்டுகிறேன். அவர் காதில் விழக் கூடாத எதையும் எழுதாதே. எனக்கு நடுவில் தாண்டிப் படிக்கத் தெரியாது.

அப்பா இப்போது எங்கள் பள்ளிக்கூடத்துக்குப் புதுக் கட்டடம் கட்டுகிறார். அரசாங்க வேலை, கீழும் மேலுமாக வகுப்பறைகள். அவர் எடுத்ததிலேயே பெரிய வேலை இதுதான். பொழுது விடிந்தால் அங்கேதான் இருக்கிறார்.

உன் பதிலுக்காக வாசலைப் பார்த்தபடி,
வாலு


ஜனவரி 27

அன்பு வாலுவுக்கு,

அக்கா எழுதுவது. சளி போய்விட்டது, இருமல் மட்டும் கிளம்ப மனசில்லாமல் உட்கார்ந்திருக்கிறது. மாமாவுக்கும் அத்தைக்கும் என் அன்பைச் சொல். முழங்காலுக்குத் தனியாக ஒரு விசாரிப்பு.

முதலில் அந்தச் செடி. மாமா சொன்னது நிஜம்தான். இன்னும் இருக்கிறது, இப்போது மரமாகிற உத்தேசத்தில் இருக்கிறது. அதுவும் எங்கள் சிவில் துறைச் சுவரில். அதை வெட்ட ஓர் அலுவலகத்துக்கு எழுத வேண்டும், அவர்கள் இன்னோர் அலுவலகத்துக்கு எழுதுவார்கள், அதற்குள் அது பூத்துவிடும். இங்கே சேருகிறவள் தெரிந்துகொள்ள வேண்டியது இதுதான்: எதையும் யாரும் வந்து செய்து தர மாட்டார்கள். வாத்தியார் இடங்கள் பாதி காலி. ஒருவரே இரண்டு பாடம் எடுப்பார், நடுவில் மாற்றலாகிப் போய்விடுவார், அடுத்தவர் வரும்வரை நாங்களே முட்டிமோதிப் படிப்போம். நீ வகுப்புக்கு வரவில்லை என்று மாமாவுக்குத் தகவல் போகாது. பெயிலானாலும் போகாது. அந்தக் கண்ணாடிக் கல்லூரியில் பிள்ளை தும்மினாலே வீட்டுக்குச் சொல்லிவிடுவார்களாம். இங்கே நீ காணாமல் போனால் உன் பக்கத்துக் கட்டில்காரிதான் தேட வேண்டும். தேடுவாள், அதைச் சொல்லாமல் விட்டால் பாவம்.

பாடமெல்லாம் ஆங்கிலத்தில். முதல் பருவத்தில் நான் குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதேன். எல்லாப் பெண்களும் அதையே செய்வதால்தான் காலையில் தண்ணீர் சீக்கிரம் தீர்கிறது என்று வார்டன் சொல்வார். ஒர்க் ஷாப்பில் ஓர் இரும்புத் துண்டைக் கொடுத்து, அரத்தால் ராவிச் சதுரமாக்கு என்பார்கள். மூலைமட்டத்தை வைத்து வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பார்கள். இடுக்கில் துளி வெளிச்சம் தெரிந்தாலும் திரும்ப ராவு. உள்ளங்கை கொப்பளித்துவிடும். அந்தக் கட்டடத்தில் பெண்களுக்குக் கழிவறை கிடையாது, மைதானத்தைத் தாண்டி வர வேண்டும். சமையலை நாங்களே முறை வைத்துக் கவனிக்கிறோம், அதனால் சோறு குழைந்தால் திட்டக்கூட ஆள் கிடையாது. போன வாரம் குழைத்தது நான். சிவில் படித்தவர்களை வேலைக்கு எடுக்க வருகிற கம்பெனிகளும் குறைவு.

போதுமா கெட்டது? இனி நல்லது ஒன்றே ஒன்று. இங்கே உள்ள மெஷின்கள் எல்லாம் கிழடு, ஆனால் எல்லாம் ஓடும். வெளியே நிஜமாகவே கட்டடம் கட்டுகிறவர்கள், கான்கிரீட்டை இரும்பு அச்சில் வார்த்துக் கட்டியாக்கி, நாலு வாரம் தண்ணீரில் ஊறப்போட்டு எங்கள் லேபுக்கு அனுப்புவார்கள். க்யூப் என்போம். அதை மெஷினில் வைத்து நசுக்குவோம். வட்டத்துக்குள் முள் ஏறிக்கொண்டே போகும், கட்டி உடைந்ததும் நின்றுவிடும். முள் நின்ற இடத்தை ஒருவர் சத்தமாகப் படிக்க வேண்டும், சார் குறித்துக்கொள்வார். கட்டி அவ்வளவு தாங்கினால் கட்டடமும் தாங்கும் என்று கணக்கு. இந்த வருஷம் புதன்கிழமைகளில் முள் படிப்பது என் வேலை.

போன புதன் வந்த க்யூபுகளில் பச்சை பெயிண்டில் எண் போட்டிருந்தது. ஏழுக்கு இடுப்பில் குறுக்கே ஒரு கோடு, பெல்ட் மாதிரி. எனக்குத் தெரிந்து ஏழுக்கு பெல்ட் கட்டிவிடுகிறவள் ஒருத்திதான். பார்த்தால், மாமாவின் பள்ளிக்கூடம்! முள் ஏறியது, ஏறியது, நிற்கவே இல்லை. 'எங்க மாமா கட்டுறது சார்' என்று லேப் முழுக்கச் சொல்லிவிட்டேன். இந்த இடத்தை மாமாவுக்கு நன்றாகச் சத்தமாகப் படி.

அங்கே எல்லாரும் சுகமாக இருக்கட்டும்.
அக்கா


பிப்ரவரி 9

என் முள் படிக்கும் அக்காவுக்கு,

வாலுவின் வணக்கம். இங்கே சுகத்துக்குக் குறைவில்லை. உன் தனி விசாரிப்பை அம்மா முழங்காலிடம் சேர்ப்பித்துவிட்டாள்.

கடிதத்தைப் படித்துக் காட்டினேன். செடி வந்த இடத்தில் அப்பா 'பாத்தியா' என்றார். வார்டன் வந்த இடத்தில் சிரித்தார். கழிவறை வந்த இடத்தில் முகம் சுருங்கியது. க்யூப் வந்ததும் சாய்ந்திருந்தவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். 'அந்த எடத்த இன்னொரு தடவ படி' என்றார். படித்தேன். அன்றைக்கு இரண்டு டீ கூடுதலாகக் குடித்தார்.

அக்கா, அந்த ஏழு மட்டும் இல்லை, அந்தக் கட்டிகளே என் கைவேலை. அச்சை அப்பா வீட்டுக்கு எடுத்து வந்துவிடுவார். குளியலறைக்குப் பின்னால் இடம் இருக்கிறதே, அங்கேதான் எங்கள் ஃபேக்டரி. மணலை மூன்று தண்ணீரில் அலசுவேன். ஜல்லியில் சப்பையாக இருப்பதைப் பொறுக்கி எறிவேன். சிமென்ட் அள்ளும்போது அப்பா கை தாராளம். கம்பியால் குத்திக் குத்திக் காற்றை வெளியேற்றுவது நான், எனக்கு மட்டும்தான் அந்தப் பொறுமை இருக்கிறதாம். பிறகு துணி துவைக்கிற தொட்டியில் ஊறவைப்போம். அம்மா துணிக்குத் தொட்டி இல்லாமல் நாலு வாரமும் திட்டுவாள். 'பரீட்சைக்குப் போற பிள்ளைக்குத் தல வாரி விடுறதில்லையா, அது மாதிரிதான்' என்பார் அப்பா.

நான் பரீட்சைக்குப் படிக்கிறேனோ இல்லையோ, நான் செய்த கட்டி உன் கல்லூரியில் பாஸாகிவிட்டது. இனி எனக்கு என்ன யோசனை? சிவில்தான், உன் கல்லூரிதான். கொப்பளம் வந்தால் வரட்டும். அங்கே நான் வந்து சேர்ந்ததும் முள் படிக்கிற வேலையை எனக்கு விட்டுக் கொடுத்துவிட வேண்டும், இப்போதே சொல்லிவிட்டேன்.

உடனே எழுது.
வாலு


மார்ச் 24

வாலுவுக்கு,

நலம்தானே? எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. உள்தேர்வுகள் இருந்தன, அதுதான் தாமதம். உன் பரீட்சை எப்படிப் போகிறது? தூக்கம் கெடாமல் படி.

யோசித்துப் பார்த்தேன். உனக்குச் சிவில்தான் வேண்டுமா? கணக்கு உனக்கு நன்றாக வருகிறது, மின்சாரப் பிரிவும் நல்ல படிப்புதான். வெயிலில் நிற்க வேண்டாம். அந்தக் கண்ணாடிக் கல்லூரியைப் பற்றியும் நான் கொஞ்சம் அவசரப்பட்டுக் கேலி செய்துவிட்டேன். வீட்டிலிருந்தே போய்வரலாம், அத்தைக்கும் உதவியாக இருக்கும். இங்கே தண்ணீர் கஷ்டம் கூடியிருக்கிறது. ஒரு பாடத்துக்கு இன்னும் ஆளே வரவில்லை.

மாமாவைக் கேட்டதாகச் சொல். வெயிலில் தொப்பி போட்டுக்கொள்ளச் சொல்.

அக்கா


ஏப்ரல் 11

அன்புள்ள அக்கா,

நான் நலம். நீ நலமா என்பதுதான் சந்தேகம். ஜனவரியில் எனக்கு எழுதிய அக்காவும் மார்ச்சில் எழுதிய அக்காவும் ஒரே ஆளா? யாராவது பக்கத்தில் நின்று மிரட்டி எழுத வைத்தார்களா? ஆறு வாரம் காக்க வைத்துவிட்டு, தொப்பி போட்டுக்கொள்ளச் சொல் என்கிறாய். அப்பாவிடம் தொப்பியே இல்லை.

பரீட்சை நன்றாக எழுதியிருக்கிறேன். உன் கடிதத்தால் அப்பாவுக்குக் கொண்டாட்டம். 'பாரு, உள்ள இருக்கிறவளே சொல்றா' என்று அடுத்த நாளே என்னைக் கண்ணாடிக் கல்லூரிக்கு இழுத்துக்கொண்டு போனார். லிஃப்டில் ஏற்றினார்கள், குளிர்ந்த தண்ணீர் கொடுத்தார்கள், பெயரைக் கேட்டு 'வாங்க, வாங்க' என்றார்கள். லேபும் காட்டினார்கள். உன் க்யூப் மெஷின் அங்கேயும் இருக்கிறது அக்கா, புத்தம் புதுசு. பிளாஸ்டிக் உறையைக்கூட இன்னும் பிரிக்கவில்லை. 'ஓட்டிக் காட்டுவீங்களா' என்று கேட்டேன். கூட வந்தவர் சாவி வேறொருவரிடம் இருப்பதாகச் சொன்னார். வெளியே வந்து அப்பா, 'நல்லா சுத்தமா வச்சிருக்கான்ல' என்றார்.

மேல்மாடித் தூண்களுக்கான க்யூபை மார்ச்சில் அனுப்பினோமே, வந்ததா? இந்தத் தடவை முன்னைவிட அழகாகச் செய்திருந்தேன். நீ ஒரு வார்த்தை எழுதவில்லை. அப்பாவும், 'க்யூப் பத்தி ஒண்ணும் எழுதலையா' என்று இரண்டு தடவை கேட்டுவிட்டார். கடிதத்தைத் திருப்பிக்கூடப் பார்த்தார், தன் கண்ணுக்கு எறும்புதான் ஊரும் என்று தெரிந்தே.

எனக்கு என்ன தெரிய வேண்டுமோ அதை எழுது அக்கா. எனக்கு நல்லது என்று நீயாக நினைப்பதை எழுதாதே.

வாலு


மே 3

அன்புள்ள வாலுவுக்கும் மாமாவுக்கும்,

நீங்கள் எல்லாரும் நன்றாக இருக்க வேண்டும். இது நான் பழக்கத்துக்கு எழுதுவது இல்லை. வாலு, மாமா பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது இதைப் படி. நீ மட்டும் முதலில் படித்துப் பார்க்காதே.

இங்கே சேருகிறவள் என்ன தெரிந்து வைத்திருக்க வேண்டும் என்று கேட்டாய். முக்கியமானதை நான் எழுதவே இல்லை. மூன்றாம் வருஷத்தில் கான்கிரீட் பாடம் தொடங்குகிற அன்று சார் ஒரு கேள்வி கேட்பார்: 'க்யூப் போட எங்கேருந்து கலவை எடுப்பீங்க?' பதில் ஒன்றுதான். தூணுக்குள் எது விழுகிறதோ அதிலிருந்து. மிக்சர் கொட்டுகிற, ஆட்கள் சுமந்து போகிற அதே கலவையிலிருந்து. பரீட்சை க்யூபுக்கு இல்லை வாலு, கட்டடத்துக்கு. குளியலறைக்குப் பின்னால் அலசிப் பொறுக்கி வார்த்த கட்டி எவ்வளவு தாங்கினாலும் அது அந்தக் கட்டியோடு சரி. பள்ளிக்கூடத்தைப் பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது.

உன் பிப்ரவரிக் கடிதத்தைப் படித்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. சிவில் வேண்டாம், கண்ணாடிக் கல்லூரி நல்லது என்று உளறியது அதனால்தான். இங்கே வந்தால் ஒரு நாள் அந்தக் கேள்வி உன்னிடமும் வரும். வகுப்பு நடுவில் உட்கார்ந்து நீ உன் அப்பாவை நினைக்க வேண்டியிருக்கும். அதற்குப் பயந்தேன். மார்ச்சில் வந்த க்யூபையும் நான்தான் உடைத்தேன், நான்தான் படித்தேன். மூன்று கட்டிக்கும் முள் ஒரே இடத்தில் நின்றது. 'சைட்லேருந்து வர்றது இப்படி ஒண்ணு போல இருக்காதே' என்று சார் என்னைப் பார்த்தார். நான் குனிந்து உடைந்த துண்டுகளைக் கூட்டி அள்ளினேன்.

மாமா, இனி உங்களிடம். என் டிரங்குப் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு மூன்று மாடி ஏறியவர் நீங்கள். லிஃப்ட் வைக்கத் தெரியாதா என்று திட்டிக்கொண்டே ஏறினீர்கள். உங்களைப் பற்றி வேறொருவரிடம் போய்ச் சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் அந்த வகுப்பறைகளில் குழந்தைகள் உட்காரப் போகிறார்கள். அந்தத் தூண்கள் என்ன தாங்கும் என்று எனக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. இனிமேல் உங்கள் க்யூபுக்கு முள் படிக்க மாட்டேன் என்று சாரிடம் சொல்லிவிட்டேன். ஏன் என்றார். எங்கள் மாமாவிடம் முதலில் பேச வேண்டும் என்றேன். அதற்கு மேல் அவர் கேட்கவில்லை, ஆனால் காத்திருக்கிறார். நீங்கள் சொல்லாவிட்டால் நான் சொல்ல வேண்டியிருக்கும் மாமா. நீங்களே சொன்னீர்கள் என்று இருந்தால்தான் எனக்கு நிம்மதி.

என்மேல் கோபப்படுங்கள். ஆனால் பதில் போடுங்கள்.
உங்கள் மருமகள்


ஜூன் 8

வாலுவுக்கு,

எப்படி இருக்கிறாய் என்று கேட்கவே தயக்கமாக இருக்கிறது. ஒரு மாதத்துக்கு மேல் ஆகிவிட்டது. ராத்திரியில் வீட்டுக்குப் போன் செய்தேன், அத்தை எடுத்தாள். எல்லாரும் நல்லாருக்கோம் என்று சொல்லிவிட்டு உடனே வைத்துவிட்டாள். அத்தை அப்படி வைக்கிறவளா?

உன் மதிப்பெண்ணை அம்மா சொன்னாள். அந்த மதிப்பெண்ணுக்கு இங்கே தாராளமாக இடம் கிடைக்கும். விண்ணப்பத்துக்கு இந்த மாதக் கடைசிவரை நேரம் இருக்கிறது. எந்தக் கல்லூரி என்று நான் சொல்ல மாட்டேன், சொல்கிற தகுதியை இழந்துவிட்டேன்.

திட்டியாவது எழுது.
அக்கா


ஜூன் 24

அக்காவுக்கு,

எல்லாரும் உயிரோடு இருக்கிறோம். அம்மா, நான், அப்பா, இந்த வரிசையில் ஒருவரோடு ஒருவர் பேசவும் ஆரம்பித்திருக்கிறோம்.

நீ சொன்னபடி அப்பாவை உட்கார வைத்துத்தான் படித்தேன். குளியலறை வந்த இடத்தில் எனக்குக் குரல் இறங்கிவிட்டது. 'சத்தமா படி' என்றார். டிரங்குப் பெட்டிவரை, கடைசி வரிவரை படித்தேன். எழுந்து போய்க் கை கழுவினார். அன்றைக்கு அவர் அதுவரை சாப்பிட்டிருக்கவே இல்லை, எதற்குக் கழுவினார் என்று தெரியவில்லை. பிறகு அம்மாவிடம், 'ஊர்ல எல்லாவனும் இப்படித்தான் பண்றான்' என்றார். பிறகு என்னிடம், 'நீ கண்ணாடிக் காலேஜ்தான் போற. அங்க மெஷினுக்கு உறை போட்டு வச்சிருக்கான், அதான் எல்லாருக்கும் நல்லது' என்றார். சிரிக்கிற மாதிரிதான் சொன்னார். யாரும் சிரிக்கவில்லை.

உன்மேல் எனக்குப் பயங்கரக் கோபம். நீ பிப்ரவரியிலேயே சொல்லியிருந்தால் மார்ச் க்யூபை நான் செய்திருக்க மாட்டேன். அந்த மணலை மூன்று தண்ணீர் அலசியது இந்தக் கைதானே? நான் செய்த முதல் இன்ஜினியர் வேலை திருட்டு வேலை என்றால் எனக்கு எப்படி இருக்கும்? நாலு நாள் அழுதேன், குழாயைத் திறக்காமலேயே.

போன வாரம் மேல்தளத்துக்குக் கான்கிரீட் ஊற்றினார்கள். நான் அச்சுகளைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு சைட்டுக்குப் போனேன். அப்பா ஏணியில் நின்றார். ஆட்கள் எல்லாரும் அவரைப் பார்த்தார்கள், அவர் என்னைப் பார்க்கவில்லை. மிக்சர் கொட்டிய குவியலில் அள்ளி அச்சில் போட்டேன். அப்போது இறங்கி வந்தார். வந்து அச்சைக் காலால் சாய்த்துவிட்டார். போச்சு, எல்லார் முன்னாலும் திட்டப் போகிறார் என்று நினைத்தேன். 'ஓரத்துல எடுக்காத. ஓரத்துல வெறும் தண்ணிதான் வரும். நடுவுல, ஆழத்துலேருந்து அள்ளு' என்றார். அள்ளினேன். நான் குத்தி முடிக்கும்வரை எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பக்கத்திலேயே நின்றார், வெயில் என்மேல் விழாமல்.

அன்றைக்குச் சாயங்காலம் அவராகப் பேசினார். ஏற்கெனவே நிற்கிற தூண்களை உடைக்காமல் சோதிக்க உங்கள் சாரிடம் ஏதாவது வழி உண்டா என்று கேட்கச் சொன்னார். உண்டு என்றால் வரச் சொல். மீதியை அவரே சாரிடம் சொல்லிக்கொள்கிறாராம்.

உன் கல்லூரிக்கு விண்ணப்பம் போட்டாகிவிட்டது. சிவில். அப்பா கையெழுத்துப் போட்டுவிட்டு, பேனாவை மூடாமல் கொஞ்ச நேரம் வைத்திருந்தார். கோபம் இன்னும் பாதி இருக்கிறது, மீதியை நேரில் காட்டுகிறேன்.

வாலு


ஜூலை 22

என் அருமை வாலுவுக்கு,

தூண்களைப் பார்த்துவிட்டு நானும் சாரும் சுகமாக இங்கே வந்து சேர்ந்தோம். அத்தை கட்டிக் கொடுத்ததைச் சார் பஸ்ஸிலேயே முடித்துவிட்டார். உன் மீதிக் கோபத்தை நீ காட்டவே இல்லை, கடனாக வைத்திருக்கிறாய் என்று நினைக்கிறேன்.

அன்றைக்கு நீ அத்தைக்கு உதவியாக வீட்டிலேயே இருந்துவிட்டதால் நீ பார்க்காததை எழுதுகிறேன். உடைக்காமல் சோதிக்கிற அந்த ஸ்பிரிங் வைத்த சுத்தியலைத் தூணில் அழுத்தி அழுத்திச் சார் எண் பார்த்தபோது, மாமா சாக்பீஸோடு கூடவே நடந்தார். ஒவ்வொரு தூணுக்கும் சரி என்றதும் ஒரு கோடு. பின்பக்கம் போனதும் சார் தட்டுவதற்கு முன்பே மாமா நின்றுவிட்டார். 'இங்க ஒரு மூணு இருக்கு சார். அன்னிக்கு மழ, கலவைல தண்ணி ஏறிப்போச்சு. போட்டதுலேருந்து எனக்கு இங்க வந்தா மனசு சரியில்ல' என்றார். சார் தட்டிப் பார்த்தார். அதே மூன்றுதான். சுற்றிலும் கம்பி கட்டிப் புதுக் கான்கிரீட்டால் சட்டை போட்டுவிடலாம், இடிக்க வேண்டாம் என்று சொன்னார். பழைய க்யூப் எப்படி வந்தது என்று மாமாவே வாய் திறந்து சொன்னார். சார் கேட்டுக்கொண்டார். தானும் மார்ச்சிலேயே கேட்டிருக்க வேண்டும் என்று மட்டும் சொன்னார். அந்தச் சான்றிதழ்களை ரத்து செய்து எழுதிவிட்டார்.

இப்போது முக்கியமான சேதி. நீ சைட்டில் எடுத்த க்யூபுகள் இந்தப் புதன் உடைந்தன. நான் முள் படிக்கவில்லை, என் பக்கத்துக் கட்டில்காரி படித்தாள். நான் கதவருகில் நின்றேன். ஒன்று கொஞ்சம் மேலே, ஒன்று கீழே, ஒன்று நடுவில். மூன்றும் பாஸ். முள் வேண்டியதற்கு மேலேயே நின்றது. உன் வீட்டுக் கட்டி அளவுக்கு இல்லை, அவ்வளவு தேவையும் இல்லை. 'இதான் சைட் க்யூப்' என்றார் சார்.

வாலு, இதை மாமாவுக்குப் படி. மாமா, உங்கள் கலவை போதும். மழை நாள் ஒன்றைத் தவிர்த்தால், நீங்கள் தினமும் ஊற்றுகிற சாதாரணக் கலவை, யாரும் அலசாதது, பொறுக்காதது, அதுவே போதும். இதை வைத்துக்கொண்டு நீங்கள் எதற்கு வேறொன்றைச் செய்து அனுப்பினீர்கள்? எழுதும்போது எனக்குக் கோபமும் வருகிறது, அழுகையும் வருகிறது.

அத்தையின் முழங்காலுக்கு என் வழக்கமான விசாரிப்பு.
அக்கா


ஆகஸ்ட் 24

மருமகளுக்கு மாமா எழுதறது.

நல்லா இருக்கியாம்மா. எனக்கு எழுத்து நடை வராது, பேசற மாதிரியே எழுதறேன். மூக்குக் கண்ணாடி வாங்கிட்டேன். உன் எழுத்து எறும்பு மாதிரி எல்லாம் இல்ல, நல்லாத்தான் இருக்கு. இந்தக் கடுதாசி வாலுவுக்குத் தெரியாது.

போன கடுதாசிய அவ படிச்சா. போதும்னு நீ எழுதின எடத்த இன்னொரு தடவ படிக்கச் சொன்னேன். அவ தூங்கின பொறவு கண்ணாடி போட்டு நானும் படிச்சேன்.

எதுக்கு அப்படிப் பண்ணீங்கன்னு கேட்டிருக்க. சித்தாள் வேலைலேருந்து வந்தவன் நான். இத்தனை வருஷமா கலவை போடறேன், என் கலவை என்ன தாங்கும்னு எனக்கு யாரும் சொன்னதில்ல. கண்ணால பாப்பேன், கையால தொட்டுப் பாப்பேன், சரின்னு தோணும், ஊத்துவேன். பேப்பர்ல எழுதறவங்க முன்னாடி போய் நின்னா மட்டும் நம்மது பத்தாதுன்னு தோணிடும். அதான்மா. வேற காரணம் தேடித் தேடிப் பாத்தேன், கெடைக்கல.

வேலை குடுத்த ஆபீஸ்ல நானே போய்ச் சொல்லிட்டேன். கத்தினாங்க. இத முடி, அடுத்த வேலைக்கு இங்க வராதன்னாங்க. சரின்னுட்டு வந்தேன். மூணு தூணுக்கும் சட்டை போட்டு நாலு வாரம் ஆச்சு. இப்ப அந்தப் பக்கம் போனா மனசு ஒண்ணும் பண்ணல.

திங்கக்கெழம வாலுவக் கூட்டிட்டு வரேன். பெட்டிய நானே மாடிக்குத் தூக்கறேன், நீ தடுக்காத. அந்தச் செடிய வெட்ட அரிவாளும் எடுத்துட்டு வரேன், யாருக்கும் எழுதிப் போட வேண்டாம்.

இன்னொரு சாமானும் பைல இருக்கும். ஒரு க்யூப். தூண் சட்டைக்குப் போட்ட கலவைலேருந்து நானே எடுத்தது, நடுவுலேருந்து. உங்க சார்கிட்ட கேட்டு வை, அத ஒடைக்கிறப்ப நான் பக்கத்துல நிக்கணும். எனக்கு இப்ப முள்ளு தெரியும், ஆனா நான் பாக்க மாட்டேன். நீயும் படிக்க வேணாம்.

வாலு படிக்கட்டும். எவ்வளவு வந்தாலும் சத்தமா படிக்கச் சொல்லு.

மாமா